அரை மணி நேரம் போகட்டும் சார்

2018 பிப்ரவரியில் ஒரு காலை. தஞ்சாவூரில் ஒரு சோதனைக்கூடத்தின் சிறிய ஜன்னல் வழியாக, என் விந்து மாதிரி இருந்த, பெயரும் நேரமும் எழுதி ஒட்டிய பிளாஸ்டிக் டப்பாவை நீட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். உள்ளே இருந்த டெக்னீஷியன் டப்பாவை வாங்கி, விளக்கு வெளிச்சத்தில் லேசாகச் சாய்த்துப் பார்த்துவிட்டு, “அரை மணி நேரம் போகட்டும் சார். இப்போ கெட்டியா இருக்கும். இளகினாத்தான் பாக்க முடியும்” என்றார். சொன்ன விதத்தில் சங்கடமே இல்லை. இட்லி மாவு புளிக்கட்டும் என்று சொல்வதைப் போலச் சொன்னார். அந்தக் குரல் எனக்குக் கொஞ்சம் தைரியம் கொடுத்தது. நான் பள்ளியில் விலங்கியல் எடுப்பவன் என்றும், முடிந்தால் நானும் ஒருமுறை பார்க்கலாமா என்றும் கேட்டேன். வெளியே ஆள் அதிகமில்லாத நேரம். உள்ளே கூப்பிட்டார்.

கட்டம் போட்ட கண்ணாடித் தகட்டில் ஒரு துளி. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். பத்து வருடங்களுக்கு மேலாகக் கரும்பலகையில் தலை, நடுப்பகுதி, வால் என்று வரைந்து பாகம் குறித்துக் கொடுத்தவன் நான். உயிரோடு பார்த்தது அன்றுதான், அதுவும் என்னுடையதை. சில, கட்டத்துக்குக் கட்டம் நேராக ஓடின. சில ஒரே இடத்தில் நின்று தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தன. சில வட்டமடித்தன. பாதிக்கு மேல் அசையவே இல்லை. டெக்னீஷியன் எண்ணும் கருவியைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே, நேராக ஓடுவது நூற்றுக்குப் பதினொன்றுதான் தேறும் என்றார். அப்புறம், நான் கேட்காமலே, இன்னொன்றும் சொன்னார்: “நல்லா ஓடுதே, இது கூட இப்ப இருக்கிற மாதிரியே முட்டைக்குள்ள போகாது சார். அதுக்கு இன்னும் தகுதி வரல. உள்ள போய், கொஞ்ச நேரம் இருந்து, அங்கதான் வரணும்.”

முடிவு என்ன ஆயிற்று என்று கடைசி வரை காத்திருக்க வைக்க எனக்கு விருப்பமில்லை. எங்களுக்கு மகள் இருக்கிறாள். 2021-ல் பிறந்தாள். இந்தக் கட்டுரை அவளைப் பற்றியது இல்லை. அந்த டெக்னீஷியன் சொன்ன வாக்கியத்தைப் பற்றியது. ஆரோக்கியமான, வேகமாக ஓடுகிற விந்தணுவுக்கும் புறப்படும்போது தகுதி கிடையாது, போகிற வழியில்தான் அது வரும் என்றால், நாங்கள் நான்கு வருடம் நம்பிக்கொண்டிருந்தது என்ன? அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதைத் துரத்திக்கொண்டு போனபோதுதான் ரியூஸோ யானகிமாச்சி என்ற ஜப்பானிய விஞ்ஞானியின் வாழ்க்கை கண்ணில் பட்டது.

அவளுக்கு நடந்த சோதனைகள்

எங்களுக்குக் கல்யாணம் 2014-ல். ஒரு வருடம் கழித்து வழக்கமான விசாரிப்புகள் ஆரம்பித்தன. “விசேஷம் ஏதும் இல்லையா?” என்ற கேள்வி எப்போதும் என் மனைவியிடம்தான் கேட்கப்பட்டது. என்னிடம் ஒருவர்கூட கேட்டதாக நினைவில்லை. முதலில் போன மருத்துவமனையில் அவளுக்குத் தைராய்டு பார்த்தார்கள், சர்க்கரை பார்த்தார்கள், ஹார்மோன் எல்லாம் பார்த்தார்கள். மாதாமாதம் ஒருநாள் விட்டு ஒருநாள், கருமுட்டை வளர்ச்சியைப் பார்க்கும் ஃபாலிகுலர் ஸ்கேன். கருக்குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்க எக்ஸ்ரே அறையில் சாய மருந்தைச் செலுத்திச் செய்யும் சோதனை. அன்று அவள் வெளியே வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, எதுவும் பேசாமல் நின்றது இன்றும் கண்ணில் நிற்கிறது. பிறகு வயிற்றில் சிறு துளையிட்டு உள்ளே பார்க்கும் லேப்ராஸ்கோப்பி. வயிற்றில் மூன்று சிறிய தழும்புகள். எல்லா ரிப்போர்ட்டிலும் ‘நார்மல்’ என்றுதான் வந்தது. ஒவ்வொரு முறையும் நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இந்த நான்கு வருடத்தில் என்னிடம் ஒரு டப்பாவை நீட்டி, இரண்டு நாளாவது விலகி இருந்துவிட்டு மாதிரி கொடுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. விலங்கியல் படித்தவன் நான். கேட்டிருக்க வேண்டும்.

கருத்தரிக்காத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணமும், தனியாகவோ பெண் பக்கத்தோடு சேர்ந்தோ, இருக்கும் என்பது மருத்துவ உலகில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. விந்துப் பரிசோதனை மலிவானது, வலி இல்லாதது, ஒரு மணி நேரத்தில் முடிவது. அதுதான் முதலில் நடந்திருக்க வேண்டியது. அது ஏன் கடைசியில் வருகிறது என்பதற்கு நம் மொழியே சாட்சி சொல்கிறது. மலடி என்ற சொல்லை வசவாகவும், ஒப்பாரியிலும், தெருச் சண்டையிலும் கேட்டே வளர்ந்திருக்கிறோம். மலடன் என்ற சொல் அகராதியில் இருக்கிறது. ஒருவர் வாயிலும் நான் கேட்டதில்லை. ஆணுக்கு நாம் வைத்திருக்கும் சொல் வேறு. பேருந்து நிலையச் சுவர்களில் ஒட்டியிருக்கும் ‘ஆண்மைக் குறைவு’. அது படுக்கையில் இயலாமையைச் சொல்வது. விந்தணுவோடு அதற்கு நேரடித் தொடர்பு இல்லை. எல்லா வகையிலும் நலமாக இருக்கிற ஒருவனுக்கு விந்தணு மந்தமாக இருக்கலாம், ஒன்றுகூட இல்லாமலும் இருக்கலாம். இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் கட்டிவிட்டதால், சோதனைக்குப் போவதையே ஆண்மைக்கு வைத்த பரீட்சையாக நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஜன்னல் முன் தலை குனிந்து நின்றதற்கு வேறு காரணம் இல்லை.

ஆறு மணி நேரம்

அந்த டெக்னீஷியன் சொன்னதற்கு ஒரு பெயர் உண்டு: கெப்பாசிட்டேஷன். திறன் பெறுதல் என்று சொல்லலாம். பிளஸ் டூ பாடத்தில் ஒரே மூச்சில் கடந்துபோகிற விஷயம், நானே அப்படிக் கடந்திருக்கிறேன். 1951 வரை அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அந்த வருடம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் எம். சி. சாங், ஆஸ்திரேலியாவில் காலின் ஆஸ்டின் என்று இரண்டு பேர், ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒரே விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். சாங் சீனாவில் பிறந்து கேம்பிரிட்ஜில் படித்து அமெரிக்கா போனவர். கருத்தடை மாத்திரைக்கான ஹார்மோன்களை முயல்களில் சோதித்த விஞ்ஞானி என்றுதான் அவரை உலகத்துக்குத் தெரியும். ஆனால் அவர் மனம் விந்தணுவில்தான் இருந்தது. ஆண் முயலின் புது விந்தணுவை நேராகக் கருக்குழாயில், முட்டையின் பக்கத்திலேயே கொண்டுபோய் விட்டுப் பார்த்தார். கருவுறவில்லை. பெண் முயலின் உடலுக்குள் ஐந்தாறு மணி நேரம் இருந்த விந்தணுவை எடுத்து விட்டால் கருவுற்றது. இவ்வளவுதான் விஷயம். அதற்கு முன்பு எழுபது எண்பது வருடங்களாக, முட்டையையும் விந்தணுவையும் கண்ணாடிக் கிண்ணத்தில் சேர்த்துவைத்துப் பார்த்த எத்தனையோ பேருடைய முயற்சி ஏன் தோற்றது என்பதற்கு விடை அதில் இருந்தது. அவர்கள் போட்டதெல்லாம் தயாராகாத விந்தணு.

விந்தணு என்றால் நம் மனதில் ஓட்டப்பந்தயம்தான் வருகிறது. கோடிக்கணக்கில் புறப்பட்டு, முந்துகிறவன் ஜெயிக்கிறான் என்று வகுப்பில் நானே சொல்லியிருக்கிறேன். அது தவறு. சீக்கிரம் போய்ச் சேர்ந்தவனுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. அவன் மேலே ஒட்டியிருப்பதெல்லாம் கழுவப்பட வேண்டும், அவன் சவ்விலிருந்து கொலஸ்ட்ரால் கொஞ்சம் வெளியேற வேண்டும், கால்சியம் உள்ளே நுழைய வேண்டும். அதையெல்லாம் செய்வது பெண்ணின் உடல். ஆணிடமிருந்து கிளம்பும் விந்தணு முடிந்துபோன பொருள் இல்லை. மிச்ச வேலை அவளுக்குள் நடக்கிறது.

ஒஷோரோ கடலில் ஒரு மீன்

யானகிமாச்சி 1928-ல் ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில் பிறந்தவர். நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் ‘யானா’. ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தின் ஒஷோரோ கடல் ஆய்வகத்தில் அவர் முதலில் கையில் எடுத்தது ஹெர்ரிங் மீன், நம்மூர் மத்திக்கு உறவு. குளிர்காலம் முடியும் சமயம் அந்த மீன்கள் கூட்டங்கூட்டமாகக் கரையோரம் வந்து கடற்பாசிகளில் முட்டையை ஒட்டிவைக்கும். ஆண் மீன்கள் விடும் விந்தால் கரையோரக் கடலே பால் கலந்ததுபோல் வெளுத்துவிடும். அவ்வளவு விந்தணுவையும் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், அநேகமாக ஒன்றும் அசைவதில்லை. மற்ற மீன்களின் விந்தணு தண்ணீரில் பட்டதும் துடித்து எழும், சில நிமிடங்களில் ஓய்ந்துவிடும். ஹெர்ரிங்கின் விந்தணு கடல் நீரில் செத்ததுபோல் மிதக்கும்.

செத்தவை என்று ஒதுக்கியிருக்கலாம். இளைஞரான யானகிமாச்சி ஒதுக்கவில்லை. முட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். மீன் முட்டையின் தடித்த ஓட்டில் விந்தணு நுழைய ஒரே ஒரு நுண்ணிய துளைதான் உண்டு. மிதந்து மிதந்து அந்தத் துளையின் பக்கம் வந்த விந்தணுக்கள் மட்டும் திடீரென்று உயிர்பெற்று வாலை அடித்து உள்ளே போயின. ஓட்டின் வேறு இடங்களைத் தொட்டவை அப்படியே கிடந்தன. முட்டை, தன் வாசலில் எதையோ வைத்து அழைக்கிறது. இதை அவர் 1950-களில் எழுதினார். நான் படித்தபோது ராத்திரி பதினொரு மணி இருக்கும். என் ரிப்போர்ட்டில் ‘அசைவற்றவை’ என்று எழுதியிருந்த சதவீதம் நினைவுக்கு வந்தது. மனித விந்தணுவும் மீன் விந்தணுவும் ஒன்றில்லை, என்னுடைய அசையாதவை எந்த முட்டையின் பக்கத்திலும் எழுந்திருக்கப் போவதில்லை என்பது தெரிந்த விஷயம்தான். ஆனாலும் அசையாமல் கிடப்பதைக் கழித்துக்கட்டாமல், ஏன் அசையவில்லை என்று உட்கார்ந்து பார்த்த ஒருவர் இருந்தார் என்பதே அன்றைக்கு எனக்கு ஆறுதலாக இருந்தது.

அவருக்கு வேலை சுலபமாகக் கிடைக்கவில்லை. சில காலம் உயர்நிலைப் பள்ளியில் பாடம் எடுத்தார். நண்டின் மேல் ஒட்டுண்ணியாக வாழும் ஓர் உயிரினத்தை ஆராய்ந்து, அதன் உடலில் விந்தகம் என்று எல்லோரும் நினைத்த உறுப்பு உண்மையில் உள்ளே புகுந்துகொண்ட ஆண் உயிர்தான் என்று காட்டினார். அதன் பிறகுதான், 1960-ல், மாசசூசெட்ஸுக்குப் போய் சாங்கிடம் சேர்ந்தார். மீனிலும் ஒட்டுண்ணியிலும் கண் பழகியவர், பாலூட்டிகளிடம் வந்தது முப்பது வயது தாண்டி. கையில் எடுத்தது தங்க நிற வெள்ளெலியை, ஹாம்ஸ்டரை. காரணம் எளிது. அதன் விந்தணு மனிதனுடையதைப்போல் மூன்று மடங்கு நீளம். தலையின் மேல் தொப்பிபோல் இருக்கும் அக்ரோசோம் நன்றாகப் பெரியது. நடப்பதை உயிரோடு, சாயம் ஏற்றாமல் பார்க்கலாம்.

வாலை வீசும் நேரம்

1963-ல் யானகிமாச்சியும் சாங்கும் சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள். சாங் 1959-ல் முயலின் முட்டையை உடலுக்கு வெளியே கருவுறச் செய்து, குட்டிகளும் பிறந்திருந்தன. ஆனால் அதற்கு அவர் பயன்படுத்தியது பெண் முயலின் கருப்பையிலிருந்து திரும்ப எடுத்த, ஏற்கெனவே தயாரான விந்தணு. வெள்ளெலியில், ஆணின் உடலில் விந்தணு முதிர்ந்து தங்கும் குழாயான எபிடிடிமிஸிலிருந்து நேராக எடுத்த விந்தணு, பெண் உடலையே பார்க்காதது, கண்ணாடிக் கிண்ணத்தில் முட்டையோடு இருந்தே தயாராகி உள்ளே நுழைந்தது. பெண் உடல் செய்யும் வேலை எது என்று கிண்ணத்தில் வைத்துப் பிரித்துப் பார்க்க அதுதான் முதல் கதவு. ஆறு வருடம் கழித்து இங்கிலாந்தில் ராபர்ட் எட்வர்ட்ஸின் குழு மனித முட்டையைக் கருவுறச் செய்தபோது, வெள்ளெலிக்காகத் தயாரித்த கரைசலில்தான் அது நடந்தது. 1978-ல் உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன் பிறந்தாள்.

எனக்கு இதில் மறக்க முடியாத இடம், அவர் 1969, 70 வாக்கில் எழுதிய ஒரு கவனிப்பு. தயாராகாத வெள்ளெலி விந்தணு அமைதியாக, ஒழுங்காக நீந்தும். கரைசலில் சில மணி நேரம் ஆனதும் நீச்சல் மாறுகிறது. வால் பெரிதாக வளைந்து சாட்டைபோல் அடிக்கிறது. நேராகப் போவது நின்று, எட்டுப் போடுவதுபோல் அங்கேயே சுழன்று துள்ளுகிறது. பழக்கமில்லாத கண்ணுக்கு ஏதோ கெட்டுப்போய்விட்டதுபோல் தோன்றும். கெடவில்லை, அதுதான் தகுதி வந்ததற்கு அடையாளம். கருக்குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிற விந்தணு பிய்த்துக்கொண்டு வரவும், முட்டையைச் சுற்றிய தெளிந்த உறையைத் துளைத்துக்கொண்டு போகவும் அந்த வேகம் வேண்டும். 1974-ல் கினிப் பன்றி விந்தணுவை வைத்து அவரும் ஒரு சக ஆய்வாளரும் இதன் சாவியைக் காட்டினார்கள். கால்சியம் இல்லாத கரைசலில் தயாரான விந்தணு காத்துக்கொண்டே இருக்கும். கால்சியம் சேர்த்த சில நிமிடங்களில் தலையின் தொப்பி கழன்று வால் துள்ள ஆரம்பித்துவிடும். அந்தக் கால்சியம் நுழையும் வாசல் எது என்று 2001-ல் வேறு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். அதற்குக் கேட்ஸ்பெர் என்று பெயர். அந்த வாசல் பழுதான ஆண்களுக்கு இயல்பாகக் குழந்தை பிறப்பதில்லை. ஆண் பக்கத்திலும் பெயர் சொல்லக்கூடிய, தேடிப் பார்க்கக்கூடிய காரணங்கள் இருக்கின்றன என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

1966-லிருந்து அவர் ஹவாய் பல்கலைக்கழகத்தில் இருந்தார். மனைவி ஹிரோகோவும் ஆய்வகத்தில் கூடவே வேலை பார்த்தார். 1976-ல் இருவரும் இன்னொருவரும் சேர்ந்து வெளியிட்ட ஒரு முறை, உலகம் முழுக்க ஆண்களைச் சோதிக்கப் பயன்பட்டது. வெள்ளெலி முட்டையின் வெளி உறையை நீக்கிவிட்டால், தகுதி பெற்ற மனித விந்தணு அதற்குள் நுழையும். கரு வளராது, நுழைவதோடு சரி. ஆனால் அதுவரை எண்ணிக்கையையும் ஓட்டத்தையும் மட்டும் பார்த்தவர்கள், முதல்முறையாக ‘இந்த மனிதருடைய விந்தணுவால் உள்ளே போக முடியுமா?’ என்று கேட்க முடிந்தது. இரண்டு வருடம் கழித்து இதே வழியில் மனித விந்தணுவின் குரோமோசோம்களை நேரடியாகக் கண்ணால் பார்த்தார்கள். எத்தனை ஆயிரம் வருடமாகப் பெண்ணின் வயிற்றையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த உலகத்தில், ஆணின் பங்கு என்ன என்று நாற்பது ஐம்பது வருடம் குனிந்து பார்த்த ஒரு மனிதர். அதனால்தான் அவர்மேல் எனக்கு இவ்வளவு பிரியம்.

ஊசி யாருக்கு?

சோதனைக்கூடத்துக்குத் திரும்புகிறேன். ரிப்போர்ட்டைக் கையில் கொடுக்கும் முன் டெக்னீஷியன் கேட்டார்: “மூணு மாசத்துக்கு முன்னாடி காய்ச்சல் ஏதும் வந்துச்சா சார்?” வந்தது. 2017 ஐப்பசி, கார்த்திகையில் ஊரெல்லாம் டெங்கு. நானும் பத்து நாள் படுத்திருந்தேன். ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் பிடிக்கும், முதிர்ந்து வெளியே வர மேலும் சில நாள். அதனால் இன்று பார்ப்பது மூன்று மாதத்துக்கு முந்தைய உடம்பின் கணக்கு. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தோம். ஓட்டம் பதினொன்றிலிருந்து பத்தொன்பது ஆகியிருந்தது. அப்போதைய உலகச் சுகாதார அமைப்பின் கையேடு கீழ் வரம்பாகச் சொன்னது முப்பத்திரண்டு. காய்ச்சலும் ஒரு காரணம், அதற்கு முன்பே ஒரு குறையும் இருந்திருக்கிறது என்றார் மருத்துவர்.

இரண்டு முறை ஐயூஐ, அதாவது விந்தணுவை நேராகக் கருப்பைக்குள் செலுத்தும் முறை, செய்தோம். அதற்கு முன் விந்தைக் கழுவுவதை, ‘ஸ்பெர்ம் வாஷ்’ என்பார்கள், அதே டெக்னீஷியன் எனக்கு ஒருமுறை காட்டினார். சோதனைக் குழாயில் கரைசலோடு கலந்து சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேலே நின்ற திரவத்தை எடுத்துவிட்டு, அடியில் தங்கியதன் மேல் புதுக் கரைசலை மெதுவாக, கலங்காமல் விட்டார். குழாயைச் சாய்த்து, முப்பத்தேழு டிகிரி பெட்டிக்குள் வைத்தார். முக்கால் மணி நேரம் கழித்து மேல் அடுக்கு லேசாக, புகை படிந்ததுபோல் மங்கியிருந்தது. கீழிருந்து தாமாக நீந்தி மேலே வந்தவை. அதை மட்டும் உறிஞ்சி எடுத்தார். சாங்கின் முயல், யானகிமாச்சியின் வெள்ளெலி எல்லாம் தஞ்சாவூரில் அந்தச் சாய்ந்த குழாயில் இருந்தன. நான் அந்த மங்கலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டும் பலிக்கவில்லை. கடைசியில் இக்சி. ஒரே ஒரு விந்தணுவை நுண்ணிய கண்ணாடி ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் முறை. மனிதர்களில் இது பெல்ஜியத்தில் 1992-ல் பலித்தது. வெள்ளெலி முட்டையில் விந்தணுவை ஊசியால் செலுத்தி, அதன் தலை உள்ளே விரிந்து ஆண் உட்கருவாக மாறுவதை யானகிமாச்சியும் அவருடைய சக ஆய்வாளரும் 1976-லேயே காட்டியிருந்தார்கள். என் மகள் இந்த வழியில் வந்தவள். ஆகவே இதைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று நீங்கள் நினைக்கலாம். ஆனாலும் மனதில் உறுத்துவதைச் சொல்கிறேன். குறை என்னிடம். ஊசி அவளுக்கு. முட்டைகள் வளர்வதற்காகப் பதினொரு நாள், தொப்புளுக்கு இந்தப் பக்கம் ஒருநாள், அந்தப் பக்கம் ஒருநாள். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வயிற்றில் வைத்துக்கொண்டு, சேலை நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, “போடுங்க” என்பாள். முட்டை எடுக்க மயக்க மருந்து அவளுக்கு. வயிறு வீங்கி நடக்க முடியாமல் கிடந்தது அவள். என்னிடம் கேட்டது மறுபடியும் ஒரு டப்பா மட்டும். விந்தணு மந்தமாக இருந்தால் என்ன, ஒன்று கிடைத்தால் போதும் என்று ஆகிவிட்ட பிறகு, அது ஏன் மந்தமாக இருக்கிறது என்று கேட்கிற அவசரம் போய்விட்டது. ஆணுக்கு மருந்து தேடுவதைவிடப் பெண்ணுக்கு ஊசி போடுவது சுலபமாகிவிட்டது. இது யானகிமாச்சியின் குற்றமில்லை. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். நாம்தான் பதிலின் பாதியில் எழுந்து வந்துவிட்டோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

உலகம் அவரைத் தெரிந்துகொண்டது வேறு ஒன்றுக்காக. அவருடைய ஆய்வகத்தில் தெருஹிகோ வகாயாமா குளோனிங் செய்த கியுமுலினா என்ற சுண்டெலி 1997 அக்டோபரில் பிறந்தது. மறு வருடம் செய்தி வெளியானதும் பத்திரிகைகள் எல்லாம் அதைத்தான் எழுதின. எனக்கு அதே 1998-ல் அந்த இருவரும் வெளியிட்ட இன்னொன்றுதான் பெரிதாகத் தெரிகிறது. சுண்டெலி விந்தணுவை உறைய வைத்து, ஈரம் முழுவதையும் உறிஞ்சி, காப்பித்தூள்போல் காயவைத்தார்கள். வழக்கமான எந்தக் கணக்கிலும் அது செத்த விந்தணு. தண்ணீர் சேர்த்து முட்டைக்குள் செலுத்தினார்கள். குட்டிகள் பிறந்தன. ஒஷோரோவில் அசையாமல் மிதந்ததைப் பார்த்தவருக்கு, அசையாதது என்றால் முடிந்தது இல்லை என்று நாற்பது வருடமாகத் தெரிந்திருந்தது.

ஓய்வுபெற்ற பிறகு அவர் மறுபடி மீன் முட்டைக்குத்தான் போனார். எண்பது வயதுக்கு மேலும் அந்தத் துளையைச் சுற்றி என்ன இருக்கிறது, விந்தணுவை அது எப்படி வாசலுக்குக் கூட்டிவருகிறது என்று எழுதிக்கொண்டிருந்தார். 2023-ல் அவருக்கு கியோட்டோ பரிசு அறிவித்தார்கள். விழா நவம்பரில். செப்டம்பர் 27 அன்று, 95 வயதில், போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தச் செய்தியைப் பார்த்த அன்றுதான் இதை எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன். எழுதி முடிக்க இவ்வளவு நாள் ஆகிவிட்டது.

ஒன்று பாக்கி இருக்கிறது. முதல் ரிப்போர்ட் வந்த அன்று சாயங்காலம், அம்மா கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பேருந்தில் வரும்போதே எப்படிச் சொல்வது என்று யோசித்து வைத்திருந்தேன். எதுவும் வாயில் வரவில்லை. “அம்மா, ரிப்போர்ட் வந்திருச்சு. குறை என்கிட்டதான் இருக்கு” என்றேன். அம்மாவின் கை நிற்கவில்லை. இன்னும் இரண்டு கொத்து ஆய்ந்தார்.

“அவளுக்கு ஒண்ணும் இல்லையா?”

“ஒண்ணும் இல்லைம்மா.”

“நாலு வருஷமா ஒண்ணும் இல்லையா?”

நான் பதில் சொல்லவில்லை. அடுக்களையில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது.

திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை கோயிலுக்கு முந்தைய மாதம் போய்வந்திருந்தோம். நெய்ப் பிரசாதத்தைக் கையில் கொடுக்கும்போது, கணவன் மனைவி இரண்டு பேரும் நாற்பத்தெட்டு நாள் இரவில் சாப்பிட வேண்டும் என்று தெளிவாகச் சொல்லித்தான் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு அவள் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னை யாரும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அன்று இரவு சாப்பாடு முடிந்து எழுந்தபோது அம்மா சுவாமி அலமாரியிலிருந்து அந்த டப்பாவை எடுத்து வந்தார். இரண்டு சின்னக் கரண்டி கையில் இருந்தது. “கோயில்ல ரெண்டு பேரும்னுதான் சொன்னாங்க” என்று சொல்லி, முதல் கரண்டியை என் பக்கம் நீட்டினார்.